தலைப்பு முகவரியாகும்போது

நுழையும்முன்

அச்சு நூலில் ஒரு செய்தியைக் காட்டுவதற்குப் பக்க எண் போதும். இணையத்தில் ஒரு பக்கத்தைக் காட்டுவது அதன் முகவரியே. கட்டுரைக்குத் தலைப்பிடும் எழுத்தாளரே இன்று அத்தலைப்பிலிருந்து முகவரியையும் ஆக்க வேண்டியவராகிறார். தமிழில் அதைச் செய்யும்போது எழுத்திலக்கணமும் தொகைநிலை இலக்கணமும் எதிர்பாராத இடத்தில் துணைக்கு வருகின்றன. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையின் ஊர்ப்பெயர்களையும் செய்திகளையும் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்றோர் ஊரும் அக்காள்மடம் என்றோர் ஊரும் உள்ளன. இரண்டுக்கும் பொதுவானது 'மடம்'. வழிப்போக்கர் ஒருவர் "மடத்துக்குப் போக வேண்டும்" என்று மட்டும் கேட்டால் பேருந்து நடத்துநர் பயணச்சீட்டைக் கிழிக்கமாட்டார். எந்த மடம் என்று கேட்பார். ஊருக்குப் பெயரிட்டவர்கள் வேறுபடுத்தும் சொல்லை முன்னே வைத்து அக்கேள்விக்கு விடையையும் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டனர். ஏர்வாடி என்ற பெயர் இராமநாதபுரம் மாவட்டத்திலும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்திலும் உண்டு. ஆகவே இராமநாதபுரத்து ஏர்வாடியை மக்கள் 'ஏர்வாடி தர்கா' என்கின்றனர். சொல் ஒன்றே கூடுதல். குழப்பம் முற்றிலும் நீங்கிவிட்டது. இணைய முகவரி அமைப்போர்க்கும் வேண்டிய திறம் இதுவே.

முகவரியின் உறுப்புகள்

ஓர் இணைய முகவரியில் முதலில் வருவது, எந்த நெறிமுறையில் பக்கத்தைப் பெறுவது என்னும் குறிப்பு. அடுத்து வருவது தளத்தின் பெயர். அதற்குப் பின் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு வருவது, அத்தளத்துக்குள் குறிப்பிட்ட பக்கத்துக்குச் செல்லும் வழி. அவ்வழியின் இறுதியில் பக்கத்தை அடையாளம் காட்டும் சிறு தொடரை ஆங்கிலத்தில் 'ஸ்லக்' என்பர். இச்சொல் அச்சகத்திலிருந்து வந்தது. லைனோடைப் இயந்திரம் ஒரு வரி முழுவதையும் ஒரே ஈயக்கட்டியாக வார்த்துத் தந்தது, அக்கட்டிக்கு அப்பெயர். செய்தித்தாள் அலுவலகங்களில், ஒரு செய்தி அச்சேறும்வரை அதை அடையாளம் காண இட்ட சுருக்கப் பெயரும் அவ்வாறே வழங்கியது. இப்பாடத்தில் அதனை 'முகவரிப்பெயர்' எனக் குறிக்கலாம்.

முகவரிப்பெயர் 'பக்கம்-4713' என்றிருந்தாலும் கணினிக்கு வேறுபாடில்லை. படிப்பவருக்கு உண்டு. 'பாம்பன்-பாலம்' என்றிருந்தால், திறக்குமுன்பே உள்ளே இருப்பது இன்னதென்று அறியலாம். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லலாம். பக்கம் திறக்கவில்லையெனில் அப்பெயரைக் கொண்டே வேறிடத்தில் தேடலாம். முன்பின் அறியாத எண்ணிலிருந்து கைப்பேசிக்கு வரும் இணைப்பைத் தொடலாமா என்று முடிவு செய்யவும் முகவரியைப் படிக்கத் தெரிதல் வேண்டும். எனினும் முகவரிப்பெயரை எவரும் விரும்பியவாறு எழுதிவிட இயலும். எனவே நம்பிக்கைக்குத் தளத்தின் பெயரையே முதலில் நோக்க வேண்டும்.

ஒன்பது மடங்கு நீளம்

இணைய முகவரிக்கு 1994ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிமுறை, உரோமன் எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்றது. பிற மொழி எழுத்துகளையும் முகவரியில் எழுதுவதற்கான விதிமுறை 2005இல் வந்தது. ஆயினும் அனுப்பும்போது பழைய வடிவுக்கே அவை மாற்றப்படுகின்றன. ஒருங்குறியில் தமிழுக்குரிய ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதனை அடுத்து இரண்டு எழுத்து அல்லது எண்ணுமாக எழுதப்படுகிறது. ஆக, தமிழ்க் குறி ஒன்றுக்கு முகவரியில் ஒன்பது இடம் வேண்டும்.

இங்கே 'குறி' என்பது எழுத்து அன்று. 'பா' தமிழிலக்கணப்படி ஓர் எழுத்து; கணினிக்கு 'ப' ஒன்று, கால் ஒன்று என இரண்டு. 'ம்' என்பதும் 'ம' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. இக்கணக்கில் 'பாம்பன்' ஏழு குறிகள். 'பாலம்' ஐந்து குறிகள். பன்னிரண்டு குறிகளும் ஒன்பது மடங்காகி 108 இடம் கொள்ள, நடுவிலுள்ள இணைப்புக்கோட்டையும் சேர்த்து 'பாம்பன்-பாலம்' 109 இடங்களை எடுத்துக்கொள்கிறது. உலாவியின் முகவரிப்பட்டையில் தமிழாகவே தோன்றும் அது, படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வரிசையாக விரிந்துவிடுகிறது. அழகு கெடுவது மட்டும் இங்குச் சிக்கல் அன்று. தமிழ் எழுத்து இடம்பெறும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகளே அடங்கும். கடலுக்குச் செல்லும் மீனவர்க்கு வானிலைப் பக்கத்தின் இணைப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால், முகவரியே செய்தியை விழுங்கிவிடும்.

தெரிந்து தெளிவோம்

தளத்தின் பெயரின் இறுதியிலும் தமிழ் இடம்பெறலாம். இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கைக்குரிய '.இலங்கை' என்னும் ஈற்றுப்பெயர் 2010இல் இணையத்தில் சேர்ந்தது. '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவை 2011இல் வந்தன. தளப்பெயரில் வரும் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாக மாறுவதில்லை; 'ப்யூனிகோடு' என்னும் வேறொரு முறையால் உரோமன் எழுத்துக் கோவையாக்கப்படுகின்றன.

கரையும் கறையும்

நீளத்துக்கு அஞ்சித் தமிழ்த் தலைப்பை உரோமன் எழுத்தில் பெயர்த்து முகவரிப்பெயர் ஆக்குவோர் பலர். 'பாம்பன்-பாலம்' அப்போது பன்னிரண்டே இடங்களில் அடங்கிவிடுகிறது. சுருக்கத்துக்கு விலையும் உண்டு. கீழக்கரை என்னும் ஊர்ப்பெயரில் உள்ள 'கரை'யும் துணியில் படியும் 'கறை'யும் உரோமன் எழுத்தில் ஒன்றாகிவிடும். பள்ளியும் பல்லியும் ஒன்றே. ழகரத்தைச் சிலர் இரண்டெழுத்தால் எழுதுகின்றனர். சிலர் லகரத்துக்குரிய எழுத்தாலேயே எழுதுகின்றனர். நெடில் ஈகாரத்துக்கும் இரு வழக்குகள் உண்டு. இவற்றால் கீழக்கரை என்னும் ஒரே ஊர் உரோமன் எழுத்தில் பல உருவங்கொள்கிறது. இராமநாதபுரத்துக்கோ ஆங்கிலேயர் காலத்து 'ராம்நாடு' என்னும் வேறொரு பெயரே இருந்தது.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக்கும் நோக்கில், 1018 ஊர்ப்பெயர்களைத் திருத்திய தமிழ்நாடு அரசின் ஆணை 2020 ஜூன் மாதம் வெளியானது. அதன் எழுத்துக்கூட்டல்கள் குறித்து விவாதம் எழ, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. உரோமன் எழுத்தில் தமிழ்ப்பெயருக்கு ஒரே வடிவை நிலைநிறுத்துதல் எளிதன்று என்பதற்கு அந்நிகழ்வே சான்று. உரோமன் எழுத்தைப் பயன்படுத்தும் தளம், எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டு, எல்லாப் பக்கங்களிலும் அதனையே கைக்கொள்ள வேண்டும்.

தமிழெழுத்திலும் இவ்வகை வேறுபாடு இல்லாமலில்லை. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. எனவே இகரத்தை முன்னே பெற்று 'இராமநாதபுரம்', 'இராமேசுவரம்' என எழுதுவது மரபு. இகரமின்றி எழுதுவோரும் உளர். வடவெழுத்தோடு எழுதுவோரும் உளர். இச்சிக்கல் இணையத்துக்கு முன்பே அகராதி தொகுத்தோர்க்கு இருந்தது. சேதுபதி மரபைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவரின் துணையோடு 1910இல் வெளிவந்த 'அபிதான சிந்தாமணி' போன்ற கலைக்களஞ்சிய நூலில், ஒரு பெயரை எந்த எழுத்தின்கீழ் வைப்பது என்பதைப் பொறுத்தே படிப்பவர் அதைக் கண்டடைவதும் காணாமற் போவதும் அமையும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைத் தலைப்பே முகவரிப்பெயராகவும் இருப்பதால், ஒரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டு, பிற வடிவங்களைத் தேடி வருவோரை 'வழிமாற்று' என்னும் ஏற்பாட்டால் அங்கே கொண்டு சேர்க்கின்றனர். ஏர்வாடியைப் போல ஒரே பெயர் பலவற்றுக்கு உரியதாயின் அதற்கெனத் தனிப்பக்கம் அமைத்துப் பிரித்துக் காட்டுகின்றனர்.

புள்ளியை இழந்த பாலம்

தலைப்பைத் தந்தால் முகவரிப்பெயரைத் தானே ஆக்கித் தரும் நிரல்கள் உள்ளன. அவை இடைவெளியை இணைப்புக்கோடாக்கும். காற்புள்ளி, மேற்கோள்குறி, வினாக்குறி முதலியவற்றை நீக்கும். வினாக்குறியை நீக்குவது இன்றியமையாதது. முகவரிக்குள் அதற்குத் தனிப்பணி உண்டு. ஆங்கிலத்தை மட்டும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நிரலிடம் தமிழ்த் தலைப்பைத் தந்தால் அது அனைத்தையும் நீக்கி வெற்றிடத்தைத் தரும். அதுவாவது உடனே கண்ணில் படும் பிழை. பிற மொழி எழுத்துகளையும் ஏற்பதாகச் சொல்லிக்கொள்ளும் சில நிரல்கள் செய்வது இதனினும் கேடு. அவை 'எழுத்து' என ஒருங்குறி வகைப்படுத்திய குறிகளை மட்டும் வைத்துக்கொள்கின்றன. தமிழில் உயிரும் அகரமேறிய மெய்யும் அவ்வகையைச் சேர்ந்தவை. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவையோ 'சார்ந்து வரும் குறி' என வேறு வகையில் வைக்கப்பட்டுள்ளன. நிரல் அவற்றைக் காற்புள்ளியைப் போலக் கருதிக் களைந்துவிடுகிறது.

விளைவாக, 'பாம்பன் பாலம்' என்னும் தலைப்பு 'பமபன-பலம' ஆகிறது. 'பலம்' என்று எழுதியிருந்தாலும் இதே முடிவுதான். மீன், மான், முன் ஆகிய மூன்றும் 'மன' எனவே நிற்கும். கடல், கூடல், கடலை எல்லாம் 'கடல' ஆகிவிடும். கரையில் நிற்கும் படகும் மேடையில் நிற்கும் பாடகியும் 'படக' என்னும் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்ள நேரும்.

இந்நிலை தமிழுக்குப் புதிதன்று. ஓலை கிழிந்துவிடும் என்பதனால் சுவடி எழுதினோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் அவற்றில் வேறுபாடு காண்பது அரிது. உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டு புள்ளி இருக்க வேண்டிய இடங்களை உய்த்துணர்ந்தனர். சுவடியில் புள்ளி இல்லாமைக்கு எழுத்தாணியும் ஓலையும் காரணம். கணினியில் அவ்வாறு ஒரு தடையும் இல்லை. நிரல் எழுதியவர் மெய்யும் உயிரும் கூடி ஓரெழுத்தாகும் என்பதை அறியவில்லை என்பதே காரணம். சார்ந்து வரும் குறிகளையும் ஏற்குமாறு நிரலில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும், பிழை நீங்கிவிடும். அவ்விதி வேண்டும் என்று கேட்கத் தமிழிலக்கணம் அறிந்தவர் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும்.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு

இராமநாதபுரம் மாவட்டத்தின் பழந்துறைமுகம் தொண்டி. இப்பெயரின் முதலெழுத்தைக் கணினியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகத் தகரத்துடன் சேர்ப்பது ஒருவகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் 'தொண்டி' என்றே தோன்றும். அச்சிலும் வேறுபாடு இல்லை. முகவரியிலோ அவை இருவேறு பெயர்கள். ஒன்றில் பக்கம் திறக்கும். மற்றொன்றில் 'பக்கம் இல்லை' என்னும் மறுமொழி வரலாம். 'ஸ்ரீ' என்னும் வடிவும் இருவேறு குறிகளால் எழுதப்பட்டு ஒரே தோற்றம் தருவது. கண்ணால் கண்டுபிடிக்க இயலாத இப்பிழைகளுள் ஒகரம் போன்றவற்றை, ஒருங்குறியின் சீராக்க விதிப்படி ஒரே வடிவுக்கு மாற்றியபின் சேமித்தால் தவிர்க்கலாம். 'ஸ்ரீ' அவ்விதியில் அடங்காது. அதற்கு எளிய வழி, முகவரிப்பெயரில் 'திரு' என எழுதிவிடுவதே.

எதனை விடுவது, எதனை வைப்பது

நீண்ட தலைப்பைச் சுருக்கும்போது ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் சிறு இடைச்சொற்களை விட்டுவிடுவர். தமிழில் அப்பொருளைத் தருபவை சொல்லோடு ஒட்டிய வேற்றுமை உருபுகள். அவற்றை நீக்கினால் கிடைப்பது வேற்றுமைத்தொகை. 'பாம்பன் பாலத்தின் வரலாறு' என்பது 'பாம்பன்-பால-வரலாறு' ஆகும்போது பொருள் கெடவில்லை. எல்லாத் தொகையும் இவ்வாறு அமைவதில்லை. தொகை விரியும்போது ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்கு இடந்தரும் என்பதை நன்னூல் கூறுகிறது.

பாக் நீரிணையில் வாழும் கடற்பசு அரிய உயிரினம். வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்கள் மீட்டுக் கடலில் விட்டனர் என ஒரு செய்தி எழுதப்படுவதாகக் கொள்ளலாம். 'மீனவர்களால் மீட்கப்பட்ட கடற்பசு' என்பது தலைப்பு. இதனை 'மீனவர்-மீட்பு' எனச் சுருக்கினால் இலக்கணப்படி தவறில்லை. 'மீனவரால் மீட்பு' என மூன்றாம் வேற்றுமையாக விரிக்கலாம். ஆனால் பாம்பனிலோ மண்டபத்திலோ அம்முகவரியைக் கைப்பேசியில் காணும் ஒரு தாய், 'மீனவரை மீட்டல்' என்றுதான் விரிப்பார். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை காத்திருக்கும் வீட்டில் அச்சுருக்கம் எழுப்பும் அச்சம் சிறிதன்று. 'கடற்பசு-மீட்பு' என்றிருந்தால் இச்சிக்கல் எழுந்தே இராது. செய்தி எதனைப் பற்றியதோ அச்சொல் முகவரியில் இருந்தாக வேண்டும்.

சொற்களைப் பிரிப்பதிலும் கருத்து வேண்டும். மன்னார் வளைகுடாவின் பழந்தொழில் முத்துக்குளித்தல். இதனை ஒரே சொல்லாக எழுதுவதே முறை. 'முத்து-குளித்தல்' எனக் கோடிட்டுப் பிரித்து, வல்லின மெய்யையும் விட்டுவிட்டால், முத்து என்னும் பெயருடைய ஒருவர் நீராடிய செய்தியாகிவிடும்! இடைவெளி விட்டு எழுதும் இடத்தில் மட்டுமே இணைப்புக்கோடு வரவேண்டும். சந்தியெழுத்து முகவரியிலும் இருக்கவேண்டும். கோட்டைக் கீழே இடும் வழக்கமும் உண்டு. இணைப்புகளுக்கு அடிக்கோடிடும் பக்கங்களில் அது மறைந்துபோவதால் நடுக்கோடே ஏற்றது.

புதியது எத்தனை நாள் புதியது?

பாம்பனில் கடல்மேல் அமைந்த தொடர்வண்டிப் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் அருகே சாலைப் பாலம் 1988இல் வந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் தொடர்வண்டிப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இன்று 'பாம்பன்-பாலம்' என்பது மூன்றனுள் எதனைக் குறிக்கிறது? 'புதிய-பாம்பன்-பாலம்' என எழுதுவோர் உளர். 1988ஆம் ஆண்டில் சாலைப் பாலத்தையும் ஒருவர் அவ்வாறே அழைத்திருக்கக்கூடும். 'பாம்பன்-சாலைப்-பாலம்', 'பாம்பன்-தொடர்வண்டிப்-பாலம்-1914', 'பாம்பன்-தொடர்வண்டிப்-பாலம்-2025' என்பவை எக்காலத்தும் பொருள் மாறாதவை. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, 1998இல் எழுதிய குறிப்பொன்றில் முகவரிகள் மாறக்கூடாது என வற்புறுத்தினார். காலத்தால் மாறும் நிலையைக் காட்டும் சொற்களை முகவரியில் வைப்பதே பின்னாளில் அதனை மாற்ற நேர்வதற்குக் காரணமாகும் என்பது அவர் கருத்து.

காலம் பற்றிய கவனம் உயிர் காக்கும் இடமும் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவது இக்கரையோர் நன்கறிந்த செய்தி. 'பாம்பன்-மூன்றாம்-எண்-கூண்டு' என முகவரி அமைந்துவிட்டால், மறுநாள் ஐந்தாம் எண் ஏற்றப்படும்போது பக்கத்தைத் திருத்தலாம். பலர் கைக்குச் சென்றுவிட்ட முகவரியைத் திருத்த இயலாது. அன்றன்றைய நிலையைக் காட்டும் பக்கமாயின் 'பாம்பன்-புயல்-எச்சரிக்கை' என எண்ணும் நாளும் இன்றி இருத்தல் நன்று. ஒருநாள் செய்தியாயின் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முழுத் தேதியும் முகவரியிலேயே இருக்க வேண்டும். இல்லையெனில் சென்ற ஆண்டின் எச்சரிக்கை இவ்வாண்டு கைப்பேசிகளில் மீண்டும் சுற்றும்போது, அது பழையது என்று அறிய வழியில்லை.

முகவரியை மாற்றியே தீரவேண்டிய நிலையும் வரும். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை தொடர்வண்டியிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாக நிகழ்ந்துவந்த பயணத்துக்கு அந்த ஊர் இல்லாமற்போயிற்று. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. தளத்திலும் ஒரு பக்கத்தை இடம் மாற்றினால், பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் தானாகவே அழைத்துச் செல்லும் நிலையான வழிமாற்றை அமைத்தல் வேண்டும். அமைக்காவிட்டால், அப்பக்கத்தைச் சுட்டிய நூல்களின் அடிக்குறிப்புகளும் மாணவர் கட்டுரைகளும் பழஞ்செய்திகளும் இல்லாத ஊருக்கே வழிகாட்டிக்கொண்டிருக்கும்.

கற்பவை கற்றபின்

1. 'தனுஷ்கோடி அழிந்தது எப்படி? 1964 புயலும் மக்களின் நினைவுகளும்' என்னும் தலைப்புக்குத் தமிழில் ஒரு முகவரிப்பெயர் எழுதுக. நீக்கிய சொற்களையும் நீக்கியதற்கான காரணத்தையும் வகுப்பில் கூறுக.

2. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவற்றை நீக்கினால் ஒன்றுபோல் ஆகிவிடும் சொற்களை உங்கள் ஊரின் தொழிற்பெயர்கள், மீன்பெயர்கள், மரப்பெயர்களிலிருந்து திரட்டுக.

3. 'மாணவர்-பாராட்டு', 'படகு-மோதல்' ஆகிய தொகைகளை இயன்ற வகைகளிலெல்லாம் விரித்து எழுதுக. ஒவ்வொரு பொருளுக்கும் மயக்கமற்ற முகவரிப்பெயர் தருக.

4. உங்கள் பள்ளி இருக்கும் ஊரின் பெயர் பெயர்ப்பலகைகளிலும் பேருந்துகளிலும் எத்தனை வகையாக எழுதப்பட்டுள்ளது என்பதைத் தமிழ், உரோமன் ஆகிய இருவகை எழுத்திலும் குறித்து வருக.